பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு ஏபிஎஸ், டிராக்ஷன் கன்ட்ரோல்: எதைத் துணிந்து போடலாம், எதற்குத் தயங்க வேண்டும்?

1980களின் கடைசியிலும் 1990களின் தொடக்கத்திலும் தென்னாப்பிரிக்க இளைஞர்கள் ஏங்கிப் பார்த்த கார்கள் சில உண்டு. ராஸ்லின் ஆலையில் இந்த நாட்டுக்கென்றே உருவான பிஎம்டபிள்யூ 325ஐஎஸ், ஓப்பல் கடெட் சூப்பர்பாஸ், டொயோட்டா கான்குவெஸ்ட் ஆர்எஸ்ஐ ஆகியவை அந்தப் பட்டியலில் முதலில் வரும். கடற்கரை நகரமான டர்பனை ஒட்டிய சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் இவற்றைக் கவர் போட்டு மூடி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கிற குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. இப்போது இவற்றின் விலை ஏறிவிட்டது. ஒரு முறை இடித்தால் திரும்பக் கிடைக்காது என்ற பயமும் கூடவே ஏறிவிட்டது. அதனால்தான் கராஜ்களில் அந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது: பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், என்ஜின் விசையில் சக்கரம் வழுக்கிச் சுழலாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலும் வெளியிலிருந்து வாங்கிப் பொருத்த முடியுமா?

முடியும். ஆனால் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டதால், இரண்டும் ஒரே அளவு வேலை, ஒரே அளவு ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் ஒரே சென்சாரைப் பயன்படுத்துகின்றன என்பது உண்மை. பழுதானால் நடப்பது மட்டும் வேறு வேறு. முடிவு எடுக்க உதவுவது அந்த வித்தியாசம்தான். அதற்கு அடிப்படையிலிருந்து வர வேண்டும்.

டயருக்கும் சாலைக்கும் நடுவே

கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் போகிறது. பிரேக் போட்ட கணத்தில் சக்கரம் 90 கிலோமீட்டருக்கான வேகத்தில் சுற்றுகிறது. இந்த 10 சதவீத வித்தியாசத்துக்கு வழுக்கல் விகிதம் என்று பெயர். கொஞ்சம்கூட வழுக்காத டயரால் பிரேக் விசையைத் தரையில் இறக்க முடியாது. உலர்ந்த தார்ச்சாலையில் வழுக்கல் ஏறக்குறைய 10 முதல் 20 சதவீதம் இருக்கும்போதுதான் டயர் அதிகமாகப் பிடிக்கிறது. அதைத் தாண்டினால் பிடிப்பு குறையத் தொடங்கும். சக்கரம் சுற்றாமல் பூட்டிக்கொண்டால் வழுக்கல் 100 சதவீதம்.

பூட்டிய சக்கரத்தில் இன்னொரு சிக்கல். அது எந்தப் பக்கம் சறுக்குகிறதோ அதற்கு நேர் எதிராக மட்டுமே உராய்வு வேலை செய்யும். ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் நேராகப் போவது இதனால்தான். முன்சக்கரம் பூட்டினால் கார் திரும்பாது. பின்சக்கரம் முதலில் பூட்டினால் கார் வால் பக்கமாகச் சுழலும். இரண்டில் மோசமானது இரண்டாவதுதான், ஏனென்றால் சாதாரண ஓட்டுநருக்கு அதைத் திருத்திக்கொள்ள நேரமே கிடைக்காது.

நிற்கும் தூரத்தையும் ஒரு கணக்காகப் பார்த்துவிடலாம். உராய்வுக் கெழு 0.9 இருக்கும் உலர் சாலையில், 100 கிலோமீட்டர் வேகத்தில் பிரேக் பிடித்த கணத்திலிருந்து நிற்பதற்குச் சுமார் 44 மீட்டர் வேண்டும். நனைந்து அது 0.5 ஆகிவிட்டால் 79 மீட்டர். இந்தக் கணக்கில் ஏபிஎஸ் என்ற சொல்லே வரவில்லை, கவனியுங்கள். டயரும் சாலையும் எவ்வளவு பிடிப்பு தருமோ அதற்கு மேல் எந்த எலக்ட்ரானிக்ஸும் தராது. இருக்கிற பிடிப்பை வீணாக்காமல் பார்த்துக்கொள்வதும், முழு பிரேக்கிலும் ஸ்டீயரிங் வேலை செய்ய விடுவதும்தான் ஏபிஎஸ்ஸின் வேலை.

ஏபிஎஸ்ஸுக்குள் என்ன நடக்கிறது

எண்ணம் பழையது. விமானங்களுக்கு டன்லப் செய்த மேக்ஸரெட் என்ற இயந்திர அமைப்பு 1966இல் ஜென்சன் எஃப்எஃப் காரில் வந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலக்ட்ரானிக் ஏபிஎஸ்ஸை 1978இல் பாஷ் கொண்டுவந்தது, மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில். இன்றும் அடிப்படைப் பாகங்கள் நான்குதான்:

1. சென்சாரும் பல்வளையமும். சக்கரம் மாட்டும் ஹப்பில் பல் வெட்டிய வளையம், அதன் எதிரே ஒரு சென்சார். 48 பல் உள்ள வளையமும் 1.9 மீட்டர் சுற்றளவுள்ள டயரும் இருந்தால், கார் 4 சென்டிமீட்டர் நகரும்போதெல்லாம் ஒரு துடிப்பு. 100 கிலோமீட்டர் வேகத்தில் விநாடிக்கு சுமார் 700 துடிப்பு.

2. கம்ப்யூட்டர். துடிப்புகளை எண்ணி ஒவ்வொரு சக்கரத்தின் வேகத்தையும், அது எவ்வளவு சீக்கிரம் குறைகிறது என்பதையும் கணக்கிடும்.

3. வால்வுத் தொகுதி. பெடலை மிதித்தால் பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து இரண்டு குழாய் உள்ளே, சக்கரங்களுக்கு நான்கு குழாய் வெளியே. ஒவ்வொரு சக்கரத்துக்கும் உள்வால்வு ஒன்று, வெளிவால்வு ஒன்று, ஆக எட்டு. உள்வால்வை மூடினால் அழுத்தம் அப்படியே நிற்கும். வெளிவால்வைத் திறந்தால் இறங்கும்.

4. பம்ப். இறக்கிய எண்ணெயை மாஸ்டர் சிலிண்டர் பக்கம் திருப்பித் தள்ளும். ஏபிஎஸ் வேலை செய்யும்போது காலடியில் பெடல் துடிப்பது இதனால்தான்.

இந்த நாலையும் ஸ்கிராப்யார்டில் வாங்கிவிடலாம். வாங்க முடியாதது கம்ப்யூட்டருக்குள் எழுதியிருக்கிற கணக்கு.

கார் உண்மையில் எவ்வளவு வேகத்தில் போகிறது என்று ஏபிஎஸ் கம்ப்யூட்டருக்கு நேரடியாகத் தெரியாது. நான்கு சக்கரங்களின் வேகத்தைத்தான் அது பார்க்கிறது. பிரேக் போடும்போது நான்குமே ஏதோ ஓர் அளவில் வழுக்குகின்றன. அந்த நிலையில், இந்த எடையுள்ள கார் இந்தச் சாலையில் இவ்வளவு சீக்கிரம்தான் வேகம் இழக்க முடியும் என்று ஊகித்துத்தான் வால்வுகளை இயக்குகிறது. காரின் எடை, சக்கரங்களுக்கு இடையே உள்ள நீளம், கேலிப்பர் பிஸ்டன் அளவு, டயர் அளவு எல்லாம் அந்த ஊகத்துக்குள் அடங்கியிருக்கின்றன. தயாரிப்பாளர்கள் பனிக்கட்டி ஏரியிலும் ஈரத் தளத்திலும் மாதக்கணக்கில் ஓட்டி இதைச் சரிசெய்கிறார்கள். வேறு காரின் ஏபிஎஸ்ஸை எடுத்து மாட்டுவது அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொள்வது மாதிரி. ஏதோ தெரியும். படி எங்கே முடிகிறது என்பது தெரியாது.

ஓர் உதாரணம். 325ஐஎஸ் காரின் உடலுக்கு பிஎம்டபிள்யூ வைத்த குறியீடு இ30; அந்த உடலில் முன், பின் சக்கரங்களுக்கு இடையே 2.57 மீட்டர். எடை 1,200 கிலோ, எடைமையம் தரையிலிருந்து அரை மீட்டர் என்று வைத்துக்கொண்டால், உலர் சாலையில் முழு பிரேக்கில் சுமார் 210 கிலோ பாரம் பின்சக்கரங்களிலிருந்து முன்னுக்குப் போய்விடும். பின்பக்கம் அவ்வளவு லேசாகிவிடுகிறது. இன்னும் நீளமான, கனமான காருக்கு எழுதிய கணக்கு பின் பிரேக்குக்கு இதைவிட அதிக அழுத்தத்தை அனுமதிக்கும். முடிவு என்னவாகும் என்று மேலே பார்த்தோம்: வால் சுழலும்.

டிராக்ஷன் கன்ட்ரோல்: அதே சென்சார், எதிர்ப்பக்கக் கணக்கு

ஏபிஎஸ் பார்ப்பது சக்கரம் காரைவிட மெதுவாகச் சுற்றுவதை. டிராக்ஷன் கன்ட்ரோல் பார்ப்பது என்ஜின் சுழற்றும் சக்கரம் காரைவிட வேகமாகச் சுற்றுவதை. இங்கே ஒரு பெரிய சௌகரியம் இருக்கிறது. பின்சக்கர இயக்கம் உள்ள காரில் முன்சக்கரங்கள் என்ஜினோடு சேராதவை, அவை சும்மா உருளுகின்றன. காரின் உண்மை வேகம் அவற்றிலிருந்தே கிடைத்துவிடும், ஊகிக்க வேண்டியதில்லை.

வழுக்கலைக் கண்டதும் செய்யக்கூடியவை இரண்டு. என்ஜினின் முறுக்குவிசையைக் குறைக்கலாம், அல்லது சுழலும் சக்கரத்துக்கு மட்டும் பிரேக் கொடுக்கலாம். இரண்டாவதற்குக் கால் வைக்காமலே பம்ப் தானாக அழுத்தம் உண்டாக்க வேண்டும், கூடுதல் வால்வுகளும் வேண்டும். 1995இல் வந்த, கார் சுழன்றுவிடாமல் காக்கும் இஎஸ்பி வகைத் தொகுதிகளில் பொதுவாக 12 வால்வு இருப்பது இதற்காகத்தான். எட்டு வால்வு ஏபிஎஸ்ஸை வாங்கி வைத்துக்கொண்டு, "சாஃப்ட்வேர் மாற்றினால் டிராக்ஷனும் வரும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்த வேலையைச் செய்யும் வால்வே உள்ளே இல்லை.

என்ஜினைக் குறைப்பது எளிது. அதற்கும் வழிகள் மூன்று:

1. த்ராட்டிலை மூடுவது. மென்மையானது. ஆனால் பழைய கார்களில் ஆக்சிலரேட்டர் கேபிள்தான், மூட மோட்டார் கிடையாது. இருந்தாலும் மேனிஃபோல்டுக்குள் ஏற்கெனவே போன காற்று எரிந்து தீரக் கொஞ்ச நேரம் ஆகும்.

2. தீப்பொறியைத் தாமதப்படுத்துவது அல்லது நிறுத்துவது. அடுத்த சிலிண்டரிலேயே பலன் தெரியும். ஆறு சிலிண்டர் என்ஜின் 6,000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு 300 முறை வெடிக்கிறது. மூன்றில் ஒன்றை விட்டுவிட்டால் விசை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். ஆனால் எரியாத பெட்ரோல் எக்ஸாஸ்டுக்குப் போகும். கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இருந்தால் அது வெந்து போகும்.

3. பெட்ரோலை நிறுத்துவது. எக்ஸாஸ்டுக்கு நல்லது. ஒவ்வொரு இன்ஜெக்டரையும் தனியாக இயக்கும் என்ஜின் கம்ப்யூட்டர் இருந்தால்தான் ஒழுங்காகச் செய்ய முடியும்.

பிரிட்டனின் ரேஸ்லாஜிக் நிறுவனம் முன்பு விற்ற தனிப் பெட்டிகள் இன்ஜெக்டரை நிறுத்தும் வகைதான். இப்போது ஆஸ்திரேலியாவின் மோடெக், ஹால்டெக், நியூசிலாந்தின் லிங்க் போன்ற என்ஜின் கம்ப்யூட்டர்களில் இந்த வசதி உள்ளேயே வருகிறது. நம் ஊரில் பழைய என்ஜினுக்கு கோடெக், டிக்டேட்டர், ஸ்பிட்ரானிக்ஸ் போன்ற உள்நாட்டு கம்ப்யூட்டர்களை ஏற்கெனவே போட்டிருப்பவர்கள் அதிகம். அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது, தங்கள் மாடல் எத்தனை சக்கர வேகத் துடிப்புகளை உள்ளே வாங்கும் என்பதை. முன்சக்கரம் ஒன்று, பின்சக்கரம் ஒன்று என்று குறைந்தது இரண்டு வேண்டும். வளைவில் உள்சக்கரமும் வெளிச்சக்கரமும் வேறு வேறு வேகத்தில் ஓடும் என்பதால் நான்கு இருந்தால் நல்லது.

சக்கர சென்சாரே இல்லாமல், ஆர்பிஎம் திடீரென்று ஏறும் வேகத்தை மட்டும் பார்த்து வேலை செய்யும் கருவிகளும் உண்டு. நேர்க்கோட்டில் ஓடும் டிராக் ரேஸுக்கு அவை போதும். மழையில் வளைவு திரும்பும்போது வால் மெல்ல நழுவுவதை அவை கண்டுபிடிக்காது, ஏனென்றால் அங்கே ஆர்பிஎம் எகிறுவதில்லை.

பழுதானால் என்ன ஆகும்?

முடிவைத் தீர்மானிப்பது இந்தப் பகுதிதான்.

டிராக்ஷன் கன்ட்ரோல் தவறாகக் கணக்குப் போட்டால் என்ஜின் இருமும், சக்தி குறையும். முந்திக்கொண்டிருக்கும்போது அப்படி நடந்தால் ஆபத்துதான், மறுக்கவில்லை. ஆனால் சுவிட்சை அணைத்தால் பழைய கார் அப்படியே திரும்பி வந்துவிடும்.

ஏபிஎஸ் தவறாகக் கணக்குப் போட்டால், சக்கரம் பூட்டாதபோதே பூட்டியதாக நினைத்து அழுத்தத்தை இறக்கும். நீங்கள் மிதிக்கிறீர்கள், பெடல் கல் மாதிரி இருக்கிறது, கார் நிற்கவில்லை. பல்வளையத்தில் விரிசல் இருந்தாலோ சென்சார் இடைவெளி அதிகமானாலோ, குறைந்த வேகத்தில் சரியாக இப்படித்தான் நடக்கும்: ரோபோவில், அதாவது டிராஃபிக் சிக்னலில், நிற்கப் போகும்போது, கடைசி சில மீட்டரில்.

"ஏபிஎஸ் பழுதானால் சாதாரண பிரேக் இருக்குமே" என்று சொல்வார்கள். தன் பழுதைத் தானே கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கைப் போட்டு விலகிக்கொள்ளும்போது அது சரி. அப்போதும் ஒரு பொறி இருக்கிறது. பழைய கார்களில் பின் பிரேக் அழுத்தத்தைக் கட்டுப்படுத்த ஒரு இயந்திர வால்வு இருக்கும். புதிய ஏபிஎஸ் தொகுதிகளில் அந்த வேலையையும் கம்ப்யூட்டரே செய்கிறது. அதனால் பொருத்துகிறவர்கள் பழைய வால்வைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். பிறகு ஒருநாள் ஃபியூஸ் போனால் ஏபிஎஸ் மட்டுமா போகிறது? பின் பிரேக்கின் கடிவாளமும் சேர்ந்து போகிறது. ஏபிஎஸ் போடுவதற்கு முன்பு இருந்ததைவிட மோசமான கார் கையில் நிற்கும்.

சந்தையில் கிடைப்பவை

மூன்று ரகம். முதல் ரகத்தை ஒரே பத்தியில் முடித்துவிடலாம்: பிரேக் குழாயில் இடையே மாட்டுகிற சின்ன உருளை, உள்ளே ரப்பர் சவ்வு, வயர் கிடையாது, சென்சார் கிடையாது. அழுத்தத்தின் ஏற்றத்தாழ்வைச் சமப்படுத்துகிறது என்பார்கள். சக்கரம் பூட்டியதா என்று தெரியாத கருவி ஏபிஎஸ் ஆகாது. அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம் 1990களிலேயே இப்படிப்பட்டவற்றை ஏபிஎஸ் என்று விளம்பரம் செய்த நிறுவனங்கள்மேல் நடவடிக்கை எடுத்தது. பேர் மாறி, பெட்டி மாறி இவை இன்னும் விற்பனைக்கு வருகின்றன. காசைக் கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, வேறு காரிலிருந்து எடுத்துப் பொருத்துவது. மூன்றாவது, பந்தயத்துக்கென்று செய்த கிட். பாஷ் மோட்டார்ஸ்போர்ட்டின் எம்4, எம்5 தொகுதிகள் இந்த மூன்றாம் ரகம். வயரிங், அழுத்த சென்சார், காரின் சுழற்சியை அளக்கும் சென்சார் எல்லாம் சேர்ந்து வரும். பல்லின் எண்ணிக்கை, டயர் சுற்றளவு போன்றவற்றை நாமே உள்ளே எழுதலாம், டாஷ்போர்டில் ஒரு திருகு சுவிட்ச் வைத்து ஈரத்துக்கும் உலர்வுக்கும் தனித்தனி அமைப்பைத் தேர்ந்துகொள்ளலாம். விலை பல ஆயிரம் யூரோ. ரேண்டில் கணக்குப் போட்டால் ஒரு நல்ல பக்கி (பிக்கப் வண்டி) வாங்குகிற காசின் பக்கத்தில் போய் நிற்கும். கியாலாமி பந்தயத் தளத்தில் அடிக்கடி ஓடுகிறவருக்கு அது நியாயமான செலவு. மற்றவர்களுக்கு இரண்டாவது வழிதான் மிஞ்சுகிறது, அதில்தான் தவறுகளும் அதிகம்.

வேறு காரின் ஏபிஎஸ்: எங்கெங்கே சறுக்கும்

முதல் கேள்வி: உங்கள் காரின் குடும்பத்திலேயே ஏபிஎஸ்ஸோடு வந்த வகை உண்டா? இ30 குடும்பத்தில் உண்டு. அப்படியானால் ஹப், சென்சார், தொகுதி, கம்ப்யூட்டர், மாஸ்டர் சிலிண்டர் என்று முழுத் தொகுப்பாக அந்தக் குடும்பத்திலிருந்தே எடுப்பதுதான் மிகப் பாதுகாப்பான வழி. 1980களின் தொழில்நுட்பம், மெதுவாகத்தான் துடிக்கும், பாகமும் தேய்ந்திருக்கும். ஆனால் அந்தக் காருக்கென்று எழுதிய கணக்கு அதில் இருக்கிறது. சிட்டி கோல்ஃப் வைத்திருப்பவர்களுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1974இல் பிறந்த வடிவம் 2009 வரை இங்கே விற்றது, ஏபிஎஸ் இல்லாமலே.

அந்தக் குடும்பத்துக்கு வெளியே போனால், பிஎம்டபிள்யூக்காரர்கள் உலகம் முழுக்கத் தேடுவது இ30க்குப் பின் வந்த இ46 வகையின் பிற்காலக் கார்களில் வந்த டேவெஸ் எம்கே60 தொகுதியை. நல்ல தொகுதி, வேகமாக வேலை செய்யும். பொருத்தும்போது கீழ்க்கண்ட இடங்களில் கவனம் வேண்டும்.

1. சென்சார் வகை. பழைய கார்களின் சென்சார் காந்தமும் கம்பிச்சுருளும் மட்டுமே. சக்கரம் வேகமாகச் சுற்றினால் அதிக வோல்டேஜ், மெதுவாகச் சுற்றினால் ஒன்றுமில்லாத அளவு. எம்கே60 எதிர்பார்ப்பது இன்னொரு வகையை. அதற்குக் கம்ப்யூட்டரே மின்சாரம் கொடுக்கும், பதிலாக 7 மில்லியாம்ப், 14 மில்லியாம்ப் என்று மாறி மாறி வரும் மின்னோட்டத்தைப் படிக்கும். இரண்டுக்கும் இரண்டே வயர்தான் என்பதால் மாட்டிவிடலாம் போலத் தோன்றும். மாட்டினால் விளக்குதான் எரியும்.

2. பல் எண்ணிக்கையும் டயர் அளவும். முன்னால் ஒரு காரின் ஹப், பின்னால் இன்னொரு காரின் ஹப் என்று கலந்தால் பல் எண்ணிக்கை மாறலாம். அப்போது ஓர் அச்சின் சக்கரங்கள் எப்போதும் வழுக்குகின்றன என்றே கம்ப்யூட்டர் நினைக்கும். பின்னால் ரொம்பப் பெரிய டயர் போட்டாலும் அதே கதை.

3. குழாய்ப் பிரிப்பு. கோல்ஃப், கடெட் போன்ற முன்சக்கர இயக்கக் கார்களில் பிரேக் இரண்டு குறுக்குச் சுற்றாகப் பிரியும்: முன் இடது ஒன்றோடு பின் வலது. பிஎம்டபிள்யூவில் முன் ஒரு சுற்று, பின் ஒரு சுற்று. வால்வுத் தொகுதியும் உள்ளே அப்படியே பிரிந்திருக்கும். ஒன்றுக்குச் செய்ததை இன்னொன்றில் மாட்டினால், ஒரு குழாய் உடையும் நாளில் எந்தச் சக்கரத்துக்கு பிரேக் மிஞ்சும் என்று யாருக்கும் தெரியாது.

4. வயரிங். பம்ப் மோட்டாருக்கு 30, 40 ஆம்ப் ஃபியூஸ் கேட்கும் தொகுதிகள் சாதாரணம். முப்பது வருட எர்த் கம்பி அதைத் தாங்காது. பேட்டரியிலிருந்து தனி வயர் இழுங்கள். பிரேக் விளக்கு சுவிட்சின் தகவலும் கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும்.

5. சுழற்சி சென்சார். இஎஸ்பி வகையில் இது கட்டாயம். காரின் நடுப்பகுதியில், சரியான திசையில், அசையாமல் இருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் கேபிள் டையால் கட்டி வைத்திருப்பதையும் பார்க்கிறோம்.

6. காற்று எடுப்பது. தொகுதிக்குள் மாட்டிக்கொண்ட காற்று பெடலை மிதித்து எடுக்கும் பழைய முறையில் முழுக்க வராது. டயக்னாஸ்டிக் கருவியால் வால்வையும் பம்பையும் ஓட விட்டுத்தான் எடுக்க வேண்டும். சிலிக்கான் வகையான டாட் 5 எண்ணெயை ஏபிஎஸ்ஸில் ஊற்றவே கூடாது, அதில் நுரை தங்கும். டாட் 4 காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டர்பனின் புழுக்கத்தில் அதைத் தவறாமல் மாற்றுவது, உள்ளே துருப்பிடிக்காமல் இருக்க அவசியம்.

இவற்றுக்கு மேல் இடப் பிரச்சினை. 3.2 லிட்டர் என்ஜினை இ30 உடலில் திணித்த 333ஐ போன்ற காரில் பானட்டைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு கை நுழையவே இடம் தேட வேண்டும்.

நம் சாலை, நம் உயரம்

வெளிநாட்டுக்காரர்கள் எழுதிய குறிப்புகளை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாததற்கு இரண்டு காரணம்.

ஒன்று, சாலை. வடக்குக் கடற்கரையில் டொங்காட், ஸ்டாங்கர் பக்கம் கரும்பு வெட்டும் பருவத்தில் டிரெய்லர்கள் வயல் மண்ணைத் தாரில் கொட்டிவிட்டுப் போகும். முதல் மழை விழுந்ததும் அந்த மண்ணும் டீசல் படிவும் சேர்ந்து சோப்பாகிவிடும். டிராக்ஷன் கன்ட்ரோல் தன் காசை மீட்பது அங்கேதான். மண் சாலைக்கு இறங்கினால் ஏபிஎஸ்ஸின் கதை தலைகீழ். பூட்டிய சக்கரம் ஜல்லியைத் தன் முன்னால் குவித்து அணை போட்டுக்கொள்ளும், அதனால் சீக்கிரம் நிற்கும். ஏபிஎஸ் அந்தக் குவியலை உருவாக விடாது, நிற்கும் தூரம் நீளும். ஸ்டீயரிங் வேலை செய்யும் என்பது மட்டும் ஆறுதல்.

இன்னொன்று, உயரம். ஜோஹன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர். டர்போ இல்லாத என்ஜின் அங்கே ஆறில் ஒரு பங்கு சக்தியை இழக்கிறது. மேலே டியூன் செய்த டிராக்ஷன் கன்ட்ரோல் அமைப்போடு என்3 நெடுஞ்சாலை வழியாக வான் ரீனன் கணவாய் இறங்கி டர்பன் வந்தால், என்ஜினின் முறுக்கு கூடியிருக்கும், சாலை ஈரமாக இருக்கும், அமைப்பு மட்டும் பழையது. மேலேயிருந்து வாங்கி வந்த காரில் இதை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள். பிரேக் பூஸ்டரும் காற்றழுத்தத்தை நம்பித்தான் இருக்கிறது. 101 கிலோபாஸ்கல் இருக்கும் கடற்கரையில் அதே கால் மிதிப்புக்கு அதிக அழுத்தம் போகும், மேலே அது 82 அளவுக்கு இறங்கிவிடும். அங்கே பூட்டாத சக்கரம் இங்கே பூட்டலாம்.

காகித வேலை

சுருக்கமாக: கார் கை மாறும்போது ரோட்வொர்தி சான்றிதழ் வேண்டும், அந்தச் சோதனையில் பிரேக் குழாய்களையும் பிரேக் சமநிலையையும் பார்ப்பார்கள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு மாற்றத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். பாதுகாப்புக்காகப் போட்டது, எதற்குச் சொல்ல வேண்டும் என்று விட்டுவிட்டால், விபத்துக்குப் பிறகு முதலில் எழும் கேள்வி அதுவாகத்தான் இருக்கும். யார் பொருத்தினார்கள், எந்தப் பாகம், எந்தக் காரிலிருந்து என்ற பில்லை வைத்திருங்கள்.

எந்த வரிசையில் செய்வது

என் கணிப்பில், ஞாயிற்றுக்கிழமைக் காருக்கு வரிசை இது. பழைய டயரைத் தூக்கிப் போடுங்கள். மேலே தடம் ஆழமாக இருந்தாலும் பத்து வருட ரப்பர் கல்லாகிவிட்டிருக்கும். மேலே சொன்ன 44 மீட்டர் கணக்கை மாற்றுகிற ஒரே பொருள் அதுதான். அடுத்து ரப்பர் ஹோஸ், கேலிப்பர் சீல், பேட், எண்ணெய். பிறகு, பின்சக்கர இயக்கக் காராக இருந்து, என்ஜினில் நல்ல கம்ப்யூட்டரும் இருந்தால், டிராக்ஷன் கன்ட்ரோல். அதற்காகப் போடும் சக்கர சென்சார்களை, நாளைக்கு ஏபிஎஸ் போட நினைத்தால் எது தேவைப்படுமோ அந்த வகையாகவே தேர்ந்துகொண்டால் இரட்டைச் செலவு இல்லை. கார்புரேட்டர் கார் வைத்திருப்பவர்கள் இதை மறந்துவிடலாம், தீப்பொறியை நிறுத்துவது தவிர அங்கே வழி கிடையாது. சூப்பர்பாஸ் போன்ற முன்சக்கர இயக்கக் காரில் பலன் குறைவுதான், புறப்படும்போது கொஞ்சம் உதவும்.

ஏபிஎஸ் கடைசி. அதுவும் அதே குடும்பத்தின் முழுத் தொகுப்பு கிடைத்தால், அல்லது பந்தயக் கிட்டுக்குக் காசும் அதை அமைக்கத் தெரிந்த ஆளும் இருந்தால். இரண்டும் இல்லையென்றால் நல்ல டயரோடு நிறுத்திக்கொள்வதே புத்தி.

போட்டுவிட்டீர்கள் என்றால், சாலையில் எடுப்பதற்கு முன் ஒரு காலியான, அகலமான மைதானத்தில் ஏபிஎஸ் ஃபியூஸைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். 30 கிலோமீட்டர் வேகத்திலிருந்து கடுமையாக மிதியுங்கள், எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது என்று வெளியே நிற்கும் ஒருவரைப் பார்க்கச் சொல்லுங்கள், பிறகு 50, 60. பின்சக்கரம் முதலில் பூட்டினால் பழைய வால்வைத் திரும்ப வைக்கும்வரை மேலே போக வேண்டாம். முன்சக்கரம்தான் முதலில் என்று உறுதியான பிறகு ஃபியூஸை மாட்டி, தரையை நனைத்து, இடது பக்கச் சக்கரங்கள் ஈரத்திலும் வலது பக்கச் சக்கரங்கள் உலர்ந்த தரையிலுமாக இருக்கும்படி ஓட்டி மிதித்துப் பாருங்கள். ஸ்டீயரிங்கை லேசாகத் திருத்தினால் கார் நேராக நிற்க வேண்டும். கடைசியாக, நடை வேகத்தில் மெதுவாக உருளும்போது மெல்ல மிதித்துப் பாருங்கள். அப்போதும் பெடல் துடித்தால் ஏதோ ஒரு சென்சார் பொய் சொல்கிறது. அதைக் கண்டுபிடிக்கும்வரை ஃபியூஸ் உங்கள் சட்டைப்பையில் இருக்கட்டும்.